முதல் அடி

"மிதிக்கா," என்றான் தம்பி.

எஞ்சினில் ப்ளக்கைக் கழற்றிய ஓட்டையில் கட்டைவிரலை அழுத்திக்கொண்டு, எண்ணெய் ஊறிய மண்ணில் முழங்கால் போட்டிருந்தான். அக்கா கிக்கரை ஓங்கி மிதித்தாள். உள்ளேயிருந்த காற்று அவன் விரலை எத்தித் தள்ளிவிட்டு வெளியே பாய்ந்தது.

"இருக்கு. விரலை நிக்கவே விடமாட்டேங்குது. நல்ல அமுக்கம்."

பழைய இரும்புக் கடையின் பின்புறத் தகரக் கொட்டகை. காலை ஒன்பதரை மணி. அவர்கள் முன்னால் இரண்டு வண்டிகள். இரண்டுமே முப்பது வயது தாண்டிய சின்ன டூ ஸ்ட்ரோக் டர்ட் பைக்குகள், மண்மேட்டில் ஓட்டுகிறவை. சிவப்பு வண்டி புதுப் பெயிண்டும் புது ஸ்டிக்கருமாக மாப்பிள்ளை மாதிரி நின்றது. மற்றது, அவன் விரல் வைத்துப் பார்த்தது, எண்பது சிசி. என்ன நிறமென்று வண்டிக்கே மறந்திருக்கும். சீட்டுக்குள் எலி குடித்தனம் நடத்திவிட்டுக் காலி செய்திருந்தது.

அக்காவின் கண் சிவப்பின் மேல்தான் இருந்தது. தம்பி அதன் எஞ்சின் பக்கவாட்டில் மேக்னெட் மூடியைத் திறந்து, உள்ளே இருந்த சக்கரத்தைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிக் காட்டினான். கிழவன் பல் போல ஆடியது. ஸ்டீயரிங் கழுத்தடியில் பெயிண்டை நகத்தால் சுரண்டினான். உள்ளே யாரோ அவசரத்தில் வைத்த வெல்டிங்.

"மூஞ்சிக்குப் பவுடர் போட்டு வச்சிருக்கான். கார்புரேட்டர் ஒரு வண்டியோடது, சைலன்சர் இன்னொரு வண்டியோடது. அந்த அசிங்கத்தைப் பாரு. ஒரு நட்டு குறையல. தேஞ்சதை மாத்திக்கலாம். இல்லாததை எங்க போய்த் தேடுறது?"

அவன் பஸ் டிப்போவில் மெக்கானிக். அவள் ஆயத்த ஆடை ஆலையில் தையல் மிஷின் பழுது பார்ப்பவள். இரண்டு பேருக்கும் அப்பாவின் மூக்கும் அப்பாவின் கோபமும் பங்கு பிரிக்காமல் முழுசாக வந்திருந்தன. இரண்டு வருடம் முன்பு ஒன்றுமில்லாத ஒரு பேச்சில் அவள் அவன் வீட்டு வாசலில் வைத்தே, அவன் மனைவி பார்க்க, அவனை அறைந்துவிட்டாள். அதற்குப் பிறகு போக்குவரத்து இல்லை. போன மாதம்தான் அவனே ஆலை வாசலில் வந்து நின்றான். ஒரு பழைய வண்டியை வாங்கிப் புதுசாக்கலாம், நீயும் நானும், என்றான். ஏன் டூ ஸ்ட்ரோக் என்று கேட்டதற்கு, "வால்வு கிடையாது, கேம் கிடையாது. பிஸ்டன், ரிங், க்ராங்க், முடிஞ்சது. நாம ரெண்டு பேரும் அடிச்சுக்காம முடிக்கிற அளவுக்குத்தான் அதுல வேலை," என்றான்.

அவன் மனைவி மட்டும், "ஒரு பழசைக் கட்டிக்கிட்டு நான் படுற பாடு போதாதா?" என்று கேட்டாளாம்.

அசிங்கத்தையே எடுத்துக்கொள்வதாகக் கடைக்காரரிடம் சொல்லிவிட்டுத் திரும்பும்போது, அந்தக் கடையிலேயே வழக்கமாகப் பழைய வண்டிகளை வாங்கி விற்கும் புரோக்கர் உள்ளே வந்தான். கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு.

"அந்த எண்பதை நான் நேத்தே போன்ல சொல்லி வச்சது," என்றான். கடைக்காரர் தலையைச் சொறிந்தார்.

"சொன்னா ஆச்சா? நாங்க பார்த்துப் பேசி முடிச்சாச்சு," என்றான் தம்பி. குரல் நிதானமாகத்தான் இருந்தது.

"நீ பேசாத. யாருக்குய்யா வண்டி? இந்தம்மாவுக்கா?" புரோக்கர் அவளை மேலும் கீழும் பார்த்தான். "பொம்பளைக்கு எதுக்கு இந்த எழவு? ஒரு தையல் மிஷினை வாங்கி வீட்டோட கெட."

அவள் கையில் ப்ளக் ஸ்பேனர் இருந்தது. அது எப்போது உயர்ந்தது என்று அவளுக்கே தெரியாது. அவன் வாயில் இறங்கியது மட்டும் தெரிந்தது. உதடு கிழிந்து ரத்தம் தாடையில் இறங்கியது. ஒரு பல் மண்ணில் விழுந்தது. அவன் குனிந்து அதைப் பார்த்தான். பிறகு இரும்புக் குவியலிலிருந்து ஒரு ஜாக்கிக் கம்பியை உருவினான்.

கம்பி அவளுக்கு வந்தது. தம்பி குறுக்கே வந்தான். காதுக்கு மேலே பட்ட சத்தம் பெரிதாக இல்லை. சாத்திய கதவில் யாரோ ஒருமுறை தட்டியது போல. தம்பி மடிந்து விழுந்தான். அவள் புரோக்கரின் முகத்தை நகத்தால் பிறாண்டிக்கொண்டிருக்கும்போதே தம்பி எழுந்துவிட்டான். எழுந்த வேகத்தில் புரோக்கரின் இடுப்பைக் கட்டித் தள்ளி, மேலே ஏறி உட்கார்ந்து, முஷ்டியால் குத்தினான். கடைக்காரரும் எடை போடுகிறவரும் இரண்டு கைகளையும் பிடித்து இழுக்கும்வரை நிறுத்தவில்லை. புரோக்கரின் ஒரு கண் மூடிப்போயிருந்தது.

"வண்டியை ஏத்துக்கா," என்றான் தம்பி மூச்சு வாங்க. அடிபட்ட தலையில் ஒரு பொட்டு ரத்தம் இல்லை.

வாடகை மினி லாரியை அவளே ஓட்டினாள். வழியெல்லாம் அவன் சிரித்தான். "எத்தனை பல்லுக்கா போச்சு அவனுக்கு?"

"ஒண்ணு."

"ஒண்ணுதானா? அடச்சே."

அவளும் சிரித்தாள். சின்ன வயதில் தெருச் சண்டை முடிந்து வீட்டுக்கு ஓடும்போது இப்படித்தான் சிரிப்பார்கள்.

தம்பி வீட்டின் பக்கவாட்டுக் கொட்டகையில் வண்டியை இறக்கினார்கள். அவன் மனைவி எட்டிப் பார்த்து, அக்காவிடம் ஒரு வார்த்தையும் பேசாமல், இரண்டு டம்ளர் டீயை ஜன்னலில் வைத்துவிட்டுப் போனாள். அதுவே பெரிய விஷயம். நண்பகலுக்குள் சிலிண்டரைக் கழற்றிவிட்டார்கள். அவன் அதன் உள்சுவரை வெளிச்சத்தில் பிடித்துத் தடவிப் பார்த்தான். "கீறல் இல்ல பாரு. ரிங் போட்டா ஓடும். எத்தனை பல்லுக்கா போச்சு அவனுக்கு?"

"ஒண்ணுன்னு சொன்னேன்ல," என்று சிரித்தாள்.

பிஸ்டன் பின்னைத் தட்டும்போது அவன் கை குறி தவறியது. சுத்தி இரண்டு முறை நழுவியது. அதை எடுக்கக் குனிந்தவன் அப்படியே சுவரைப் பிடித்து நின்றான்.

"தலை வலிக்குது. எத்தனை பல்லுக்கா..."

இம்முறை அவள் சிரிக்கவில்லை. "போய்க் கொஞ்சம் படு," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். மிச்ச நட்டுகளை மண்ணெண்ணெயில் ஊறப் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு மணி நேரம் கழித்து உள்ளே அவன் மனைவி அலறினாள். கட்டிலில் வாந்தி. ஒரு கண்ணின் பாப்பா மட்டும் விரிந்து கிடந்தது. பெயரைக் கூப்பிட்டதற்கு முனகலாகக்கூடப் பதில் இல்லை. அவனைத் தோளில் போட்டுக்கொண்டு மூன்று படி இறங்கியவள் அக்காதான்.

ஆஸ்பத்திரியில் ஐந்து மணிக்கு டாக்டர் வெளியே வந்தார். மண்டைக்குள் ரத்தம் கசிந்து கட்டியிருந்ததாம். "அடிபட்ட உடனே கூட்டிட்டு வந்திருக்கலாம்," என்று தரையைப் பார்த்துச் சொன்னார்.

மறுநாள் காலை வீட்டு முன்னறையில் வாடகை நாற்காலிகள் போட்டிருந்தார்கள். உடல் இன்னும் ஆஸ்பத்திரியில் இருந்தது. வந்தவர்கள் ஒரே பேச்சைத்தான் பேசினார்கள். அவன் கோபம் தெரிஞ்சதுதானே. கை முந்திடும் அவனுக்கு. அக்கா சுவரோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். முந்தின மாலையிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தாள். ஒருவருக்கும் அவள் மறுத்துச் சொல்லவில்லை.

பதினோரு மணிக்கு ஒரு போலீஸ்காரர் வந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, கையிலிருந்த தாளைப் படித்தார். புரோக்கரைப் பிடித்தாகிவிட்டது. அவனும் கடைக்காரரும் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள். இறந்தவர்தான் முதலில் கை நீட்டியது. ஸ்பேனரால் வாயில் அடித்தார். அதற்குப் பிறகுதான் கம்பி.

"நீங்க என்னம்மா சொல்றீங்க?" என்று தம்பி மனைவியைக் கேட்டார்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இருக்கும் சார். கோபம் வந்தா அவருக்குக் கண்ணு தெரியாது. நான் எத்தனையோ தடவை சொல்லியிருக்கேன்."

"அப்போ இதையே..."

"இல்லை," என்றாள் அக்கா.

போலீஸ்காரர் நிமிர்ந்தார்.

"அவன் அடிக்கல. அவன் பேசிக்கிட்டுத்தான் இருந்தான். ஸ்பேனர் என் கையில இருந்துச்சு. நான்தான் அடிச்சேன். கம்பி எனக்கு வந்தது. அவன் குறுக்கே வந்தான்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா. எழுதினா எழுதினதுதான். உங்க மேலயும் கேஸ் வரும்."

"எழுதுங்க சார்."

அவர் எழுதினார். பேனா தாளில் உரசியது. பிறகு ஒரு நாற்காலி சாய்ந்தது.

முதல் அறை அக்காவின் கன்னத்தில் விழுந்தது. அடுத்தது காதில். தம்பி மனைவி முஷ்டியை மூடித் தோளில், நெஞ்சில், கழுத்தில் அடித்தாள். தலைமயிரைப் பிடித்துச் சுவரில் மோதினாள். அக்காவின் உதடு கிழிந்தது. அவள் முகத்தைக்கூடத் திருப்பவில்லை. ஒரு கையால் மற்றக் கையின் மணிக்கட்டை முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு நின்றாள். கடைசிக் குத்து அவள் தோள் எலும்பில் பட்டு, அடித்தவளின் விரல்கள்தான் மடங்கின. அப்போதுதான் பெண்கள் இரண்டு பேர் வந்து தம்பி மனைவியை இழுத்தார்கள். அவள் அவர்களை உதறிவிட்டுச் சமையலறைக்குள் போய்த் தரையில் உட்கார்ந்தாள்.

போலீஸ்காரர் அக்காவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். உடல் வந்து எல்லாம் முடிந்த பிறகு ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார். கேஸுக்காக வண்டியையும் எடுத்துப்போக வேண்டும் என்றார். வாசலில் இரண்டு பேர் சிலிண்டர் இல்லாத அந்த வண்டியை உருட்டிக்கொண்டு போனார்கள்.

அக்கா சமையலறைக்குள் போனாள். தம்பி மனைவி சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். மடியில் கிடந்த வலது கை புறங்கை வரை வீங்கிவிட்டிருந்தது.

அக்கா குழாயைத் திறந்து ஒரு பாத்திரத்தில் தண்ணீர் பிடித்தாள். எதிரே உட்கார்ந்து, அந்தக் கையை எடுத்துத் தண்ணீருக்குள் வைத்தாள். விரல்களை ஒவ்வொன்றாக, மெதுவாக, நீட்டிப் பார்த்தாள்.

"இது வலிக்குதா?"

அடுத்த விரலைப் பிடித்தாள்.

"இது?"

தம்பி மனைவி கண்ணைத் திறக்கவில்லை. கையையும் இழுத்துக்கொள்ளவில்லை. வெளியே ஆம்புலன்ஸ் பின்னோக்கி வரும் சத்தம் கேட்டது. யாரோ நாற்காலிகளை ஒதுக்கினார்கள்.