ஷாரோனின் பேச்சுத் தேர்வு

ஷாரோன் செங்கல்பட்டில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். ஜெர்மனிக்கு வேலைக்குப் போக ஜெர்மன் மொழியில் பி-ஒன் என்ற மூன்றாம் நிலைத் தேர்வு பாஸாக வேண்டும். ஒன்றரை வருடத்தில் மூன்று நோட்டு நிறைய இலக்கணம் எழுதியிருந்தாள். அந்த மொழியில் உயிரில்லாத பொருளுக்கும் பால் உண்டு. ஆண்பால் சொல்லுக்கு நீலப் பேனா, பெண்பாலுக்குச் சிவப்பு, இரண்டுமில்லாததற்குப் பச்சை. எழுத்தில் தொண்ணூற்றிரண்டு மார்க். பேச்சில் ஃபெயில்.

கூடப் போவதற்காக முதல் நிலை மட்டும் எழுதிய அவள் கணவன் பெஞ்சமின் பாஸாகிவிட்டான். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. மாமல்லபுரத்தில் டாக்சி ஓட்டும் அவன் புத்தகத்தைத் திறந்ததேயில்லை. வண்டியில் ஏறும் வெள்ளைக்காரர்களிடம் வாய்க்கு வந்ததைப் பேசியே கற்றுக்கொண்டவன்.

“நீயும் என்ன மாதிரி பேசு. தப்பா இருந்தா இன்னா, அவங்களே சிரிச்சிகினு திருத்துவாங்க.”

“எழுதிப் பாக்காம எனக்கு ஒரு வார்த்த மண்டைல ஏறாது. எத்தினி வாட்டி சொல்றது?”

அவன் விடவில்லை. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கடற்கரைக் கோயிலுக்கு இழுத்துப்போய் ஒரு ஜெர்மன் அம்மாள் முன்னால் நிறுத்தினான். எந்த ஊர் என்று கேட்டார் அவர். வினைச்சொல்லை எங்கே வைப்பது என்று ஷாரோன் யோசித்து முடிப்பதற்குள், பெஞ்சமின் நாலு தப்போடு பதில் சொல்லி, அவருடைய பேரன் பெயர்வரை கேட்டுவிட்டான்.

வீட்டுக்கு வந்ததும் ஷாரோன் சொன்னாள்: “இனிமே என் இஷ்டத்துக்குத்தான் படிப்பேன்.”

பேச்சுத் தேர்வில் வரக்கூடியதையெல்லாம் எழுதினாள். டியூட்டி, வாடகை வீடு, பேருந்துப் பயணம் என்று நாற்பது பக்கம். தினமும் சமையலறையில் நின்று சத்தமாகப் படித்தாள். பிறகு நோட்டை மூடிவைத்துச் சொன்னாள். பெஞ்சமினின் வேலை எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்பது மட்டும்.

அவன் கேட்ட கேள்விகளில் பால் தப்பு, வேற்றுமை தப்பு. நாலாம் நாள் ‘கதவு’ என்பதை மூன்றாவது முறையாக ஆண்பாலாக்கினான். ஷாரோனுக்குத் தலைக்கேறிவிட்டது. அது பெண்பால், எத்தனை தடவை சொல்வது, காது இல்லையா, இப்படிக் கேட்டால் நான் எப்படிப் பதில் சொல்வது என்று கரண்டியும் கையுமாகப் பொரிந்து தள்ளினாள்.

பெஞ்சமின் வாயைப் பிளந்துகொண்டிருந்தான்.

“இன்னா?”

“அவ்ளோத்தையும் ஜெர்மன்ல திட்டின.”

அடுத்த மாதம் பேச்சுத் தேர்வுக்கு மட்டும் மறுபடி போனாள். அறுபத்தெட்டு. பாஸ்.

தன் வழிதான் கைகொடுத்தது என்று பெஞ்சமின் சபையில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தான். மறுத்துப் பேசினால் பொழுது அதிலேயே போய்விடும் என்று ஷாரோன் விசா பாரத்தை நிரப்ப உட்கார்ந்தாள்.