மூத்தவனுக்குத் தாத்தா பேர்

காலையில் இட்லி இறங்கவில்லை என்றால் ராஜசிங் பழியைக் காரைக்கால் பூர்வீகத்துப் பிரெஞ்சு ரத்தத்தின்மேல் போடுவார். "ரொட்டி தின்ன வம்சம்லா" என்பார். சிவகாசியில் பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் அடிக்கிற பிரஸ்காரருக்கு இந்த ஒரு பெருமை போதும், வந்தவர்களை உட்காரவைத்து அறுத்துவிடுவார். அவர் மனைவி ஜாஸ்பின் அப்போதெல்லாம் அடுப்படிக்குள் போய்விடுவாள்.

ராஜசிங் அந்த வம்சத்தில் பிறந்தவரே இல்லை. மாமியார் கண்ணை மூடுவதற்குமுன் மருமகள் காதில் போட்டுவிட்டுப் போன விஷயம் அது. அவருக்குத் தெரிந்தால் மனிதர் உடைந்துபோவார் என்று இத்தனை வருடமாகப் பொத்திப் பொத்தி வைத்திருந்தாள்.

இப்போது மகள் ரீனா பிரான்சுக்குப் போகப் பார்க்கிறாள். பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கப் பாண்டிச்சேரி வக்கீல் வம்சாவளி கேட்டிருந்தார். காரைக்கால் கோயிலின் ஞானஸ்நானப் பதிவுகளை வைத்துச் சாப்பாட்டு மேசையில் எழுதிக்கொண்டிருந்தாள். லூயி மகன் பிரான்சுவா, பிரான்சுவா மகன் லூயி. மூத்த பையனுக்குத் தாத்தா பேர் என்ற வழக்கம் நூல் பிடித்தாற்போல இறங்கி வந்தது. கடைசியில் பிரான்சுவா மகன் ராஜசிங்.

"நீங்கதானப்பா மூத்தவுக. லூயிங்கிற பேரு எப்படிச் சித்தப்பாவுக்குப் போச்சு?"

ராஜசிங் மகளைப் பார்த்தார். இதை அவர் யோசித்ததே இல்லை.

ஜாஸ்பின் முந்திக்கொண்டாள். "சின்னதுல காச்சல்ல கெடந்தாகளாம். நேர்ச்சை வச்சுப் பேர மாத்திட்டாக."

"எந்தப் புனிதருக்கும்மா ராஜசிங்னு பேரு?"

பொய் சொல்லவும் ஒரு சாமர்த்தியம் வேண்டும். ஜாஸ்பினுக்கு அது வாய்க்கவில்லை. அவள் இன்னொன்று சொல்வதற்குள் ரீனா காரைக்காலுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, சித்தப்பாவிடம் அதே கேள்வியைக் கேட்டுவிட்டாள். ஜாஸ்பின் பிடுங்கப் போனாள். ராஜசிங் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

லூயி திருப்பிக் கேட்டார்: "ரீனா, அம்மா பக்கத்துல இருக்காகளா?"

"அண்ணன் இருக்கேம்லே. சொல்லு."

"அண்ணே, அது எதுக்கு இப்ப?"

"சொல்லுலே."

லூயி சொன்னார். சிவகாசிக்கு அடுத்த தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு விபத்து. வேலைக்குப் போன புருசன் பெஞ்சாதி ரெண்டு பேரும் போய்விட்டார்கள். அவர்கள் பிள்ளையைக் கேட்டு ஆள் வரவில்லை. அப்போது சிவகாசியில் பிள்ளையில்லாமல் இருந்த அப்பா தூக்கி வந்தார்.

"பேரு கேட்டதுக்கு ராஜசிங்னு நீங்களே சொன்னீகளாம். லூயின்னு மாத்திருவோம்னு அம்மா சொல்லிருக்காக. பெத்தவன் வச்ச பேர அழிக்க நாம யாருன்னு அப்பா விட்டுட்டாக. பெறகு பொறந்த எனக்கு அந்தப் பேரு வந்துருச்சு."

ராஜசிங் அழுவார், கத்துவார் என்று ஜாஸ்பின் பயந்தாள். அவர் மகளிடமிருந்து பென்சிலை வாங்கி, மேசையில் கிடந்த வெற்றுத்தாளில் தன் பெயரை எழுதினார். அதற்கு மேலே இடம் விட்டு, உச்சியில் இன்னொரு தடவை ராஜசிங் என்று எழுதினார்.

"அந்த வழக்கம் எல்லா வீட்லயும் உண்டுல்ல? நான் மூத்த புள்ளைன்னா, இது எங்க தாத்தா" என்றார்.

நடுவில் விட்ட இடத்தில் பென்சில் நின்றது. அவர் மனைவியை நிமிர்ந்து பார்த்தார்.

"எங்க அப்பா பேரு என்ன ஜாஸ்பின்? அம்மா உங்கிட்டச் சொல்லிருப்பாகள்ல?"

இத்தனை வருடம் அந்த ரகசியத்தைக் காத்த ஜாஸ்பின், மாமியாரிடம் அந்தப் பெயரைக் கேட்கவே இல்லை.