செம்மண் சுவரும் கரிசல் தரையும்

வீராயி காலையில் வாசலுக்குச் சாணி தெளித்துவிட்டு வந்து வீட்டுக்குள் கூட்டும்போது, விளக்குமாற்றுக் குச்சி ஒன்று சுவருக்குள் போய்விட்டது. குனிந்து பார்த்தாள். அடுப்பு மூலையில் தரையிலிருந்து மேலே ஏறியிருந்தது ஒரு வெடிப்பு. போன வாரம் மயிரிழை போல இருந்தது. இன்றைக்கு விரல் போகிறது. விரலை விட்டுப் பார்த்தாள். அந்தப் பக்கத்துக் காற்று விரலில் பட்டது.

"ஏங்க, இங்க வந்து பாருங்க. வூடு பொளந்துக்கிட்டு நிக்கிது."

ஆட்டுப்பட்டியில் இருந்த அங்கமுத்து வந்து பார்த்தார். சுவரைத் தட்டினார், தடவினார்.

"கார்த்திகையில வச்ச சுவரு. என் காலால மிதிச்ச மண்ணு. இது எப்படி வெடிக்கும்?"

"அதத்தான் நானும் கேக்குறேன்" என்றாள் வீராயி. கேட்டவள் புருஷனைப் பார்க்கவில்லை. அடுப்பு ஊதிக்கொண்டிருந்த மருமகளைப் பார்த்தாள்.

மருமகள் சம்பூர்ணம் மீன்சுருட்டி என்ற ஊர்ப் பெண். தை மாதம் இந்த வீட்டுக்கு வாழ வந்தாள். மாசியில் சுவர் வெடித்தது. வீராயிக்கு அதற்கு மேல் கணக்குப் பார்க்கத் தெரியவில்லை.

அவர்களுக்குச் சொந்த ஊர் உடையார்பாளையம் பக்கம். அங்கே எல்லாம் செம்மண். உலகச் சண்டை நடந்த காலம், மழையும் இல்லை, ஆடுகளுக்குக் கடிக்கப் புல் இல்லை. குன்னத்துக்கு அந்தாண்டை மேய்ச்சல் தரையில் மழைக்குப் பின் புல் முழங்கால் உயரம் நிற்கும் என்று கேள்விப்பட்டு, ஐப்பசி மழையோடு பட்டி ஓட்டிக்கொண்டு வந்தார்கள். வந்தபோது மண் நனைந்து, கறுகறுவென்று மூடிக் கிடந்தது. அந்தத் தரையின் கோடையை அவர்கள் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

அந்தப் பக்கத்துக் குடியானவர்கள் படல் வீட்டில் இருந்தார்கள். குச்சிகளை நெருக்கி நட்டு, மிலாறு என்கிற மெல்லிய கிளைகளைப் பின்னி, மேலே மண் பூசிய வீடு. அதைப் பார்த்த அங்கமுத்து, பாவம், சுவர் வைக்க வக்கில்லாத சனங்கள் என்று நினைத்துக்கொண்டார். தன் ஊரிலிருந்து வண்டி வண்டியாகச் செம்மண் கொண்டுவந்து, கறுப்புத் தரையின்மேல் ஒரு சாண்கூடத் தோண்டாமல் சுவர் வைத்தார். ஊர் அய்யனார் கோயிலில் எடுத்து வந்த பிடிமண்ணை வைத்து, மேய்ச்சல் தரையின் ஓரத்தில் சாமிக்கும் செம்மண்ணாலேயே ஒரு மேடை கட்டி வேல் நட்டார். ஆளைக் குடிவைத்த மாதிரி சாமியையும் குடிவைத்தாயிற்று என்று அவருக்குத் திருப்தி.

அந்த மண்ணைப் பற்றி ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். ஒரு காலத்தில் பூமி கக்கிய நெருப்புக் குழம்பு ஆறிக் கல்லாகி, அந்தக் கல் மக்கித்தான் இப்படிக் கறுத்துப் போனது என்று ரோட்டு வேலைக்கு வந்த மேஸ்திரி ஒருவர் சொன்னாராம். நெருப்பிலே பிறந்த மண் தண்ணீரைக் கண்டால் ஏன் இப்படி ஊறிக் கிடக்கிறது என்று கேட்டதற்கு அவருக்கும் பதில் தெரியவில்லை.

வீராயி சாணியும் மண்ணும் குழைத்து வெடிப்பை அடைத்தாள். நாலு நாளில் அடைத்ததும் சேர்ந்து பிளந்தது. குறி சொல்கிற கோடாங்கியைக் கூட்டி வந்தார்கள். அவர் உடுக்கையடித்து, கண்ணை மூடி, "புதுசா வந்தது எது?" என்று கேட்டார்.

அங்கே எல்லாமே புதிது. வீடு புதிது, தரை புதிது, ஆடு தின்கிற புல்லும் புதிது. ஆனால் எல்லாருடைய கண்ணும் ஒரே ஆள்மேல் போய் நின்றது.

சம்பூர்ணத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. வலது காலை வைத்து வந்தோமா, இடது காலை வைத்தோமா என்று யோசித்து யோசித்துப் பார்த்தாள். அன்றைக்கு வாசலில் கூட்டம். யாரோ பின்னாலிருந்து நெருக்கினார்கள். இரண்டு காலும் சேர்ந்து உள்ளே போன மாதிரிதான் ஞாபகம் வந்தது.

அன்று முதல் அவளுக்கு வீட்டுக்குள் இடமில்லை. பட்டிக்குப் பக்கத்தில், ஆட்டுக்குட்டிகளை அடைக்கிற படல் குடிசையில் இருக்கச் சொன்னார்கள். சாப்பாடு அங்கேயே வந்தது. புருஷன் மருதை ஆடு ஓட்டிக்கொண்டு போகும்போது படலுக்கு வெளியே நின்று தயங்கிக் கேட்டான்.

"ஏ புள்ள, ஒனக்கு ஏதாச்சும் தெரியுமா?"

"எதப் பத்தி?"

"அந்த வெடிப்பப் பத்திதான்."

"நான் என்ன கடப்பாறையா, வந்ததும் சுவரப் பொளக்க?"

அவனுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் ஆட்டை அதட்டிக்கொண்டு போய்விட்டான்.

சித்திரையில் கோடை மழை வந்தது. விட்டு விட்டு இரண்டு நாள் ஊற்றியது. மழை விட்டபின் வீராயி அடுப்பு மூலைக்குப் போனாள். வெடிப்பு ஒன்றுகூடி மூடியிருந்தது. குச்சி நுழைந்த இடத்தில் நகம்கூட நுழையவில்லை. வீட்டுக் கதவுதான் நிலையில் இறுகிக்கொண்டு சாத்த வரமாட்டேன் என்றது. அதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"பாத்தியா மருதை. அவ வெளிய போனா, வூடு ஒண்ணு கூடிக்கிச்சு. இதுக்கு மேல சாமி என்ன எழுதியா குடுக்கும்?"

கண்ணெதிரே சுவர் கூடியிருக்கிறதே. அங்கமுத்துவும் தலையைச் சொறிந்தார். அதைக் கேள்விப்பட்ட சம்பூர்ணமே நம்பிவிட்டாள். அதுதான் கொடுமை. தன்னிடம் ஏதோ இருக்கிறது, தனக்கே தெரியாமல் இருக்கிறது என்று நினைத்து, அவளே மாமனாரிடம் கேட்டாள்.

"என்னைய எங்க அம்மா வூட்டுல கொண்டு போயி வுட்டுடுங்க மாமா. ஒங்க சுவராச்சும் நிக்கட்டும்."

மறுநாளே மருதை வண்டி பூட்டினான். வாழாவெட்டி என்ற பேரோடு மீன்சுருட்டிக்குத் திரும்ப வேண்டியவள் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். வண்டி பட்டியைத் தாண்டவில்லை. கறுப்பு மண் சக்கரத்தில் அப்பியது. உருள உருள மேலும் அப்பி, ஆரக்கால் தெரியாமல் சக்கரமே ஒரு மண் உருண்டையாகிவிட்டது. மாடுகள் நின்றுவிட்டன. இறங்கிய சம்பூர்ணத்தால் காலைத் தூக்க முடியவில்லை. ஒவ்வொரு காலிலும் ஒரு சட்டி மண்.

பக்கத்துப் படல் வீட்டுக்காரர் வைத்திலிங்கம் தன் மாடுகளைக் கட்டிப்போட்டுவிட்டு நின்று வேடிக்கை பார்த்தார்.

"ஈரம் காயாம இந்தத் தரையில எவனாச்சும் வண்டி பூட்டுவானா தம்பி? எங்க ஊரு ஆட்டுக்குட்டிகூட யோசிக்கும். அப்படி என்ன அவசரம், எங்க போறீங்க?"

சம்பூர்ணம் மறுபடி படல் குடிசைக்கே வந்து சேர்ந்தாள். தரை காயட்டும் என்றார்கள்.

தரை காய்ந்தது. கத்திரி வெயில் அடிக்க அடிக்க, மழையில் ஊறிப் பருத்திருந்த மண் சுருங்கி, வெளுத்து, பாளம் பாளமாகப் பிளந்தது. வண்டி போகலாம் என்றானபோது, அடுப்பு மூலை வெடிப்பும் திறந்துகொண்டது. முன்னே விரல் போன இடத்தில் இப்போது கை போயிற்று.

"அவதான் வெளிய இருக்காளே ஆத்தா" என்றான் மருதை.

"எல்லைக்குள்ளதானே இருக்கா" என்றாள் வீராயி. சொல்லும்போது அவள் குரலில் பழைய உறுதி இல்லை. "வண்டியப் பூட்டு. எல்லை தாண்டட்டும்."

வண்டி பூட்டியாயிற்று. சம்பூர்ணம் ஏறியாயிற்று. பெண்ணை அனுப்புமுன் சாமிக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டு வரலாம் என்று அங்கமுத்து மேடைக்குப் போனார். போனவர் தேங்காயை உடைக்காமல் நின்றார். மேடை நடுவில் இரண்டாகப் பிளந்து, வேல் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

அவர் போட்ட சத்தத்துக்கு மருதையும் வீராயியும் ஓடி வந்தார்கள். மருதை குனிந்து பார்த்தான். மேடையில் ஏறிய வெடிப்பு தரையிலிருந்து வந்தது. தரையில் அது மேய்ச்சல் நெடுக ஓடியது. அதன் கூடவே நடந்தான். கையிலிருந்த ஆட்டுக்கோலை அங்கங்கே விட்டுப் பார்த்தான். ஓர் இடத்தில் கோலோடு முழங்கையும் உள்ளே போயிற்று. வெடிப்பு வளைந்து வளைந்து போய் அவர்கள் வீட்டு அடுப்பு மூலைக்குக் கீழே நுழைந்தது. அவன் திரும்பி வந்தான்.

"இங்க அவ வந்தாளா?" என்று கேட்டாள் வீராயி.

"வரல. பட்டிய வுட்டு நவுரவே இல்ல."

"அப்ப அவ பார்வ பட்டிருக்கும்."

மருதை தாயை உற்றுப் பார்த்தான்.

"ஆத்தா, மருமவ வந்ததாலதான் நம்ம வூடு வெடிச்சிச்சுன்னே. அய்யனாரு மேடை வெடிச்சிருக்கே, அவருக்கு எந்த மருமவ வந்தா?"

அங்கமுத்துவின் கண் எதிரே இருந்த படல் வீடுகள்மேல் போயிற்று. ஒன்றிலும் கீறல் இல்லை. தரை அசைந்தபோது படலும் கூடவே அசைந்து கொடுத்திருந்தது. சம்பூர்ணம் இருந்த ஆட்டுக்குடிசையும் அப்படியே நின்றது.

"வக்கத்தவனுங்கன்னு நெனச்சேன்" என்றார் மெதுவாக. "செம்மண்ண அம்புட்டுத் தொலவு இழுத்தாந்தவன், இந்தத் தரையப் பத்தி இவங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டேனா?"

மூவரும் வண்டிக்கு வந்தார்கள். மருதை மனைவியை இறங்கச் சொன்னான். அவள் இறங்கவில்லை. மூட்டையைப் பிடித்தபடி மாமியாரைப் பார்த்தாள். வீராயி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்கு ஒண்ணும் புரியலடி. நீ வெளிய போனப்ப மூடுச்சு. அப்பறம் தானா தெறந்துச்சு. நான் எத நம்புறது?"

"எனக்கும் புரியல அத்த. எம்மேலயே எனக்குச் சந்தேகம் வந்துடுச்சு" என்றாள் சம்பூர்ணம். "எறங்குறேன். ஆனா அந்தச் சுவத்துக்குள்ள வரமாட்டேன். படல் கட்டுங்க, எல்லாருமா இருப்போம். ஒண்ணு மட்டும் சொல்லிப்புடுறேன். தரை வெடிச்சா தரையப் பாக்கணும், தெரிஞ்சவங்களக் கேக்கணும். அத வுட்டுட்டு வாழ வந்தவ காலப் பாத்தா, சுவரும் சேராது, குடும்பமும் சேராது."

வீராயி கையை நீட்டி மூட்டையை வாங்கிக்கொண்டாள்.