நிசாந்தினி கொடுத்த பம்ப்

நிசாந்தினி என்ற பெயரை ஒரு நாளைக்கு எத்தனை தரம் ஒரு மனுசி கேட்கலாம்? நான் எண்ணியே பார்த்தேன். அந்தச் செவ்வாய்க்கிழமை மட்டும் பதினேழு. காலையில் பால் விடாத பிளேண்டி குடிக்கும்போது தொடங்கினால் படுக்கையில் காலை நீட்டும் வரைக்கும் "நிசாந்தினி சொல்லுச்சு, நிசாந்தினி சொல்லுச்சு" என்று ஒரே ஓதல். ஓதுகிறவர் என் புருசன் சிங்கராயர். பண்டாரவளையில், பதுளை வீதியோரம், எங்கள் வீட்டுக்குப் பின்னால் கராஜ் வைத்திருக்கிறார். நிசாந்தினி, டவுனில் ஒரு ஸ்பெயார் பார்ட்ஸ் கடைக்கு அந்த வருசம், 2003இல், வேலைக்கு வந்த பெண். வயது இருபத்தாறாம். கொழும்பில் படித்தவளாம். கண்ணாடி போட்டிருப்பாளாம். நான் கேட்டேனா? அவராகவே சொன்னார்.

தப்பாக நினைக்க வேண்டாம். பெண்பிள்ளை யாராவது முகத்துக்கு நேரே பேசினால் தரையில் ஸ்பேனர் தேடுகிற ஆள் அவர். அந்தப் பயம் எனக்கில்லை. எனக்கு எரிந்தது வேறு இடத்தில்.

கலியாணமான மூன்றாம் வருசம், ஒரு லொறியின் ரேடியேட்டர் மூடியைத் திறக்கப்போய் அவருக்கு இரண்டு கையும் வெந்துபோனது. தோல் திரும்ப வந்தது. சூடு, குளிர் தெரிகிற உணர்ச்சி வரவில்லை. அன்றிலிருந்து எந்த வண்டி வந்தாலும் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிவிட்டு வீட்டைப் பார்த்துக் கூப்பிடுவார்: "றீட்டா, வந்து கை வச்சுப் பாரு." அடுப்பில் சோறு பொங்கினாலும் போட்டது போட்டபடி போவேன். எந்தக் குழாய் சுடுகிறது, எது குளிர்கிறது, எந்த மோட்டர் நடுங்குகிறது என்று சொல்லுவேன். நான் சொன்னதை ஒருநாளும் அவர் இரண்டாம் தரம் கேட்டதில்லை. மடுல்சீமைத் தோட்டத்தில் கொழுந்து பறித்த கை இது. அங்கே பறித்த நிறையை மட்டும்தான் பார்ப்பார்கள். இந்தக் கைக்கு மரியாதை கிடைத்தது என் புருசனின் கராஜில்தான். அந்த இடத்தில் வந்து சட்டமாக உட்கார்ந்துகொண்டாள் நிசாந்தினி.

எல்லாம் டாக்டர் செல்வரத்தினத்தின் காரால் வந்தது. யாழ்ப்பாணத்து மனுசர், பதுளையில் வேலை. சனிக்கிழமைகளில் மடுல்சீமைக்குப் போய் லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற தோட்டச் சனங்களுக்கு மருந்து கொடுப்பார். அவருடையது ஜப்பானிலிருந்து இறக்கிய டர்போ கார். டர்போ எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும். திணிக்கிற காற்று சூடாகும். அதைக் குளிர வைக்க இன்டர்கூலர் என்று ஒரு பெட்டி. அந்தக் காரில் அந்தப் பெட்டிக்குள் எந்நேரமும் தண்ணீர் ஓட வேண்டும். அதை ஓட்டுவதற்குக் கைக்குள் அடங்குகிற ஒரு கரண்ட் பம்ப். அந்தப் பம்ப் செத்துப்போனதால் மலை ஏறும்போதெல்லாம் கார் இழுக்கமாட்டேன் என்றது.

இவர் கடைக்குப் போனார். நிசாந்தினி இரண்டு பம்ப் கொடுத்து, "ரெண்டையும் ஓட்டிப் பாத்து நல்லதை எடுங்கண்ணே" என்றாளாம். ஒன்று கறுப்பு, பெரிசு. மற்றது சாம்பல் நிறம், சின்னது; அவள் மெச்சினது அந்தச் சின்னதைத்தானாம். அதோடு விட்டாளா? துப்பாக்கி மாதிரி பிடித்துச் சூடு பார்க்கிற ஒரு துவக்கும் கொடுத்தனுப்பினாள். குழாயைப் பார்த்து அழுத்தினால் சிவப்புப் புள்ளி விழும், எத்தனை பாகை சூடு என்று இலக்கம் காட்டும். ஒரு வாரம் மனுசன் அதோடுதான் அலைந்தார். சோற்றுப் பானையைச் சுட்டார், பூனையைச் சுட்டார். என்னை ஒரு தரம்கூடக் கூப்பிடவில்லை.

"அந்தத் துவக்கே ஒங்களுக்குச் சோறும் ஆக்கிப் போடுமா?" என்று கேட்டேன்.

"ஏன் புள்ள, சும்மா பாத்துக்கிட்டுதானே இருக்கேன்" என்று சிரித்தார். சிரிப்பு வேறு!

வெள்ளிக்கிழமை காலையில் இரண்டு வாளித் தண்ணீரில் இரண்டு பம்பையும் பூட்டி, பட்டரியில் கொடுத்து ஓடவிட்டார். கறுப்பு, பேரிக்காய் மரம் வரைக்கும் பீச்சியடித்தது. சாம்பல், வாளிக்குப் பக்கத்திலேயே வடிந்தது. எனக்கு வந்த சந்தோசத்தைப் பார்க்க வேண்டுமே!

"அடியாத்தி! ஒங்க நிசாந்தினி மெச்சின பம்ப்பு இதுதானா? கைப்புள்ள ஒண்ணுக்குப் போற மாதிரியில்ல வருது!"

"தூரமா பீச்சுறது முக்கியமில்ல புள்ள. நாள் முழுக்க நிக்காம ஓடணும். சூடாகக் கூடாது, ஒழுகக் கூடாது. இந்தச் சின்னது காந்தத்தால சுத்துதாம். தண்ணி மோட்டருக்குள்ள போக வழியே கெடையாதாம். நிசாந்தினி சொல்லுச்சு..."

"சொல்லும், சொல்லும். அது சொல்லாம யாரு சொல்லுறது?"

இரண்டும் சாயங்காலம் வரை ஓடட்டும் என்று சொல்லிவிட்டு, துவக்கைத் திருப்பிக் கொடுக்க டவுனுக்குப் போனார். மூன்று மணிபோல நானாகவே போய்க் கை வைத்தேன். கறுப்பு சுட்டது. விரலை வைத்திருக்க முடியவில்லை. அடியில் சொட்டுச் சொட்டாகக் கசிவு, லேசான தீய்ந்த வாடை. சாம்பல், தூங்குகிற பிள்ளையின் நெற்றி மாதிரி இதமாக இருந்தது. அந்தச் சாம்பல் பம்பைத் தூக்கிப் பள்ளத்தில் எறிய வேண்டும் போலிருந்தது எனக்கு.

பிறகு செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. சொல்லாமல் விட்டால் கதையே இல்லை. மலையிலிருந்து பீலி வழியே விழுகிற தண்ணீரில் ஒரு சாக்கை நனைத்துக் கறுப்புப் பம்பைச் சுற்றி வைத்தேன். சாக்கு சூடாக ஆக மறுபடி நனைத்தேன். அவர் வரும் சத்தம் கேட்டதும் சாக்கை எடுத்துவிட்டு, கசிந்த ஈரத்தையும் துடைத்துவிட்டேன்.

வந்தவர் குந்திக்கொண்டு சொன்னார்: "றீட்டா, கை வச்சுப் பாரு. நீ எதைச் சொல்றியோ அதைத்தான் பூட்டுவேன்."

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் ஒரு வாரமாக வெந்துகொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னால் அவளுடைய பம்ப் ஜெயிக்கும். நாளைக்கே போய், "நீ சொன்னதுதான் சரி தங்கச்சி" என்பார்.

"கறுப்பைப் பூட்டுங்க" என்றேன்.

"சுடலையே?"

"பச்சத் தண்ணி மாதிரி இருக்கு."

அவர் இரண்டாம் தரம் கேட்கவில்லை. விளக்கு வைப்பதற்குள் பூட்டி முடித்தார்.

மறுநாள் சனிக்கிழமை, டாக்டரோடு மடுல்சீமை வரைக்கும் காரை ஓட்டிப் பார்க்க அவர் கிளம்பினார். அங்கே இருக்கிற என் தங்கச்சியைப் பார்க்கிற சாக்கில் நானும் பின் சீட்டில் ஏறிக்கொண்டேன். பதுளை தாண்டி, பசறை வரைக்கும் கார் பிய்த்துக்கொண்டு போனது. நான் மகாராணி மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

பசறையைத் தாண்டி ஏறும்போது அவர் டாக்டரிடம் பேச்சை எடுத்தார். "துவக்கை இன்னும் ரெண்டு நாளைக்கு வச்சுக்கவான்னு அந்தப் புள்ளகிட்ட கேட்டேன் டாக்டர். 'எதுக்கண்ணே? இது சூட்டை மட்டுந்தான் சொல்லும். அக்கா கைக்கு நடுக்கமும் தெரியுமே. கடைக்கு வந்தா வாய்க்கு வாய் றீட்டா றீட்டான்னுதானே பேசுறீங்க. அவங்ககிட்டயே கேளுங்க, அவங்க சொன்னா சரியா இருக்கும்'னு சொல்லிருச்சு."

அப்போதே சொல்லியிருக்கலாம். காரை நிறுத்துங்க, நான் பொய் சொல்லிட்டேன் என்று நாலு வார்த்தை. ஒரு வளைவு போனது, இன்னொரு வளைவும் போனது. மூன்றாவது ஏற்றத்தில் எஞ்சின் கடகடவென்று அடித்துக்கொண்டு சோர்ந்தது.

"என்ன சிங்கராயர், திரும்பவும் இழுக்குதில்லையே? அங்க சனம் காத்துக்கொண்டு நிக்குது" என்றார் டாக்டர்.

என் புருசன் இறங்கிப் பம்பைக் கழற்றினார். அடிப்பக்கம் ஒழுகியிருந்தது. வயர் உருகிப்போயிருந்தது. கொஞ்ச நேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது இன்னைக்கு வந்த கோளாறு இல்ல" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "நேத்தே இது சுட்டிருக்கணுமே, றீட்டா."

நான் தேயிலைச் செடிகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதுவே அவருக்குப் போதுமாக இருந்தது.

திங்கட்கிழமை கடைக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டிய சாம்பல் பம்பை, எதற்கும் இருக்கட்டும் என்று ஸ்பேனர்களோடு டிக்கியில் போட்டிருந்தார்; அதை எடுத்தார். அரை மணித்தியாலத்தில் பூட்டி, பக்கத்து ஓடையில் தண்ணீர் பிடித்து ஊற்றி, எஞ்சினை ஸ்டார்ட் பண்ணினார். தண்ணீர் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். பழக்கதோசத்தில் நான் கிட்டே போய்க் கையை நீட்டிவிட்டேன்.

"டாக்டர்" என்று அவர் கூப்பிட்டார். "கோவிச்சுக்காதீங்க. இந்தக் குழாயைக் கொஞ்சம் தொட்டுப் பாத்துச் சொல்லுங்க."

டாக்டர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு என்னைத் தாண்டிக் குனிந்தார். "ஓம், ஓடுது. நல்ல குளிராக் கிடக்கு."

"நடுங்குதா டாக்டர்?"

"இல்லை."

அவர் பொனட்டை மூடினார். நடுரோட்டில் வைத்துக் கன்னத்தில் ஒன்று கொடுத்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நீட்டிய கையை மடக்கிக்கொண்டு பின் சீட்டில் ஏறினேன். கதவை அவர்தான் சாத்தினார், வெளியாட்களுக்குச் சாத்துவது போல மெதுவாக.