தண்ணீர் கேட்காத பாதை

கோட்டூர்புரம் குடியிருப்பில் நான் போட்ட முதல் பாதையைக் கெடுத்தது அங்கே இருப்பவர்களின் நல்ல மனசுதான். நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

தொண்ணூற்று மூன்று, மே மாதம். கிண்டியில் ஓர் ஆய்வுக்கூடத்தில் மூன்று வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டு, சிமென்ட்டே இல்லாத கான்கிரீட் ஒன்றைத் தயார் செய்திருந்தேன். அனல் மின் நிலையத்தில் குவிந்து கிடக்கும் சாம்பலையும் இரும்பு ஆலையில் கொட்டும் கசடையும் காஸ்டிக் சோடா கலந்த கரைசல் விட்டுப் பிசைந்தால் வெயிலிலேயே கல்லாக இறுகும். ஒரே நிபந்தனை, இறுகும்வரை மேலே தண்ணீர் படக்கூடாது. பட்டால் கரைசல் கழுவிக்கொண்டு போய், மேல்பக்கம் மாவாக உதிரும்.

இதைக் கொட்டை எழுத்தில் பலகை எழுதி வைத்தேன். மறுநாள் காலையில் போனால் பாதை முழுக்கத் தண்ணீர். முதல் பிளாக்கில் குடியிருக்கும் சுலோச்சனா காலிக் குடத்தோடு நிற்கிறாள்.

"யாரு ஊத்தினது?"

"நாங்கதாம்மா. பத்து வூடு சேந்து ஆளுக்கு ஒரு கொடம்."

"பலகையில போட்டிருக்கேனே, படிக்கலையா?"

"படிச்சோம். ஆனா புது கான்கிரீட்டு, தண்ணி காட்டலன்னா வெடிச்சிடாது? எங்க வூட்டுக்காரரு இருவது வருசமா சென்ட்ரிங் வேல பாக்குறாரு. எங்களுக்குத் தெரியாதா இன்னா?"

அந்தக் கோடையில் தண்ணீர் லாரி இரண்டு நாளைக்கு ஒரு முறைதான் வரும். குடத்துக்காக முடியைப் பிடித்துச் சண்டை போடுகிறவர்கள் அதில் பத்துக் குடத்தை என் பாதைக்குக் கொடுத்திருந்தார்கள். இவர்களை எப்படித் திட்டுவது? ஆனாலும் திட்டினேன்.

தண்ணீர் காய்ந்ததும், வேலையை மேற்பார்க்கும் இன்ஜினியர் அசோகன் வந்து செருப்பால் தேய்த்தார். பொடி பறந்தது. "இன்னும் ஒரே தடவைம்மா. அதுவும் உதிர்ந்தா சாம்பலை மறந்துடுங்க, சிமென்ட் போட்டுக்கறேன்" என்றார்.

பெயர்த்துவிட்டு மறுபடி போட்டோம். இந்த முறை சுலோச்சனா ஒரு முக்காலியைப் போட்டுக் காவல் உட்கார்ந்தாள். போன மழைக்காலத்தில் இதே இடத்துச் சேற்றில் குடத்தோடு வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டவள் அவள். கை இன்னும் கோணலாகத்தான் இருந்தது. பாதை வேண்டும் என்பதில் என்னைவிட அவளுக்குத்தான் அவசரம்.

ஏழாம் நாள் அசோகன் வந்தார். சுத்தியால் நாலு இடத்தில் தட்டினார், கணீரென்றது. ஆணியால் கீறினார், கோடு விழவில்லை. அப்பாடா என்று நான் மூச்சு விடுவதற்குள், வேலையைச் சோதித்து எழுதும் படிவத்தைப் பிரித்துவிட்டார்.

"எத்தனை நாள் தண்ணி விட்டீங்க?"

"விடக்கூடாது சார். போன வாரம் அரை மணி நேரம் சொன்னேனே."

"சொன்னீங்க. ஆனா இங்க ஒரு கட்டம் இருக்கே. காலியா விட்டா மேலேருந்து திருப்பி அனுப்பிடுவாங்க." சுற்றிலும் பார்த்தார். "பேருக்கு ரெண்டு குடம் ஊத்தச் சொல்லுங்க. ஒரு நாள்னு எழுதிடறேன்."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. சுலோச்சனா முக்காலியிலிருந்து எழுந்தாள்.

"ஊத்த முடியாது சார். ஊத்தாம வுட்டதுல இந்த வாரம் என் ரெண்டு பொண்ணுங்களும் தலைக்குக் குளிச்சிச்சுங்க. கல்லு தண்ணி கேக்கல. படிவம் எதுக்குக் கேக்குது?"

அசோகன் அவளைப் பார்த்தார். வாசலில் லாரிக்காக வரிசையாகக் காத்திருந்த குடங்களைப் பார்த்தார். பிறகு கட்டத்தில் பூஜ்யம் என்று எழுத்தால் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பியதும் என் அறிக்கையை எடுத்துப் புரட்டினேன். ஐம்பத்திரண்டு பக்கம். சாம்பல் எவ்வளவு தீரும், சிமென்ட் எவ்வளவு மிச்சம், எல்லாம் இருந்தது. தண்ணீர் மிச்சம் என்று ஒரு வரி இல்லை. அன்றைக்கு எனக்கு வந்த கோபம் முழுக்க என்மேல்தான்.