தேர்தல் முடிகிற வரை

சுகுணன் ஜெயிலிலிருந்து வந்துவிட்டான் என்று சாலைக் கடைத்தெருவில் பேச்சு அடிபட்டபோது உலகம்மாள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வந்தால் வரட்டும், தண்டனை முடிந்தால் யாரும் வரத்தானே செய்வார்கள் என்று நினைத்தாள். மத்தியானம் கரமனையில் இருக்கும் வீட்டிலிருந்து பஸ் ஏறி, கணவனுக்குச் சாப்பாடு கொண்டுபோய், பாத்திரக் கடையில் அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை கல்லாவில் உட்காருவது அவள் வழக்கம். அன்றும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள். கஞ்சி போட்ட வெள்ளை முண்டு உடுத்த ஒருவன் வந்து, ஒரு பித்தளை டம்ளரை எடுத்து விலை கேட்டான். காசையும் எண்ணி வைத்தான்.

"பேரு வெட்டிக் கொடுக்குமோ?" என்று கேட்டான்.

உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்த கணவர் நெல்லையப்பன் குரலைக் கேட்டதும் கையைக் கழுவிவிட்டு வெளியே வந்தார். முகம் வெளுத்துப்போயிருந்தது.

"அண்ணாச்சி, என்னை ஓர்மையுண்டோ?" என்று சிரித்தான் அவன்.

"உண்டு. என்ன பேரு வெட்டணும்?"

"தளவாய்."

உலகம்மாளுக்கு அப்போதுதான் அவன் யாரென்று தெரிந்தது. தளவாய் என்பவன் வண்டியில் வைத்து வாழைப்பழம் விற்றவன், இவர்களைப் போலவே மலையாள ஊருக்குப் பிழைக்க வந்த சங்கரன்கோவில் பக்கத்துக்காரன். நடைபாதை வியாபாரிகளிடம் தினமும் பணம் பிடுங்கித் தின்றுகொண்டிருந்த சுகுணனுக்கு ஒருநாள் தரமாட்டேன் என்று சொன்னான். பட்டப்பகலில், இந்தக் கடைக்கு முன்னால்தான் குத்துப்பட்டுச் செத்தான். தெருவே பார்த்தது. போலீஸ் வந்து கேட்டபோது தெருவே பார்க்கவில்லை என்றது. நெல்லையப்பன் ஒருவர்தான் பார்த்ததைப் பார்த்தேன் என்று கோர்ட்டில் ஏறிச் சொன்னார். அந்தச் சாட்சியில்தான் சுகுணன் ஜெயிலுக்குப் போனான்.

சின்ன உளியும் சுத்தியலும் எடுத்து அவர் அந்தப் பெயரை வெட்டினார். இருபது வருஷமாகக் கல்யாணச் சீர்ப் பாத்திரங்களில் பெயர் வெட்டிய கை அன்று கோணிக்கொண்டு போனது. சுகுணன் டம்ளரை வாங்கி, எழுத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "நல்லா வந்திருக்கு" என்று சொல்லிப் போனான்.

அடுத்த மாதம் திரும்பி வந்தான். அதே அளவில் இன்னொரு டம்ளர் எடுத்தான். இந்தத் தடவை வெட்டச் சொன்ன பெயர் நெல்லையப்பன்.

ஸ்டேஷனில் போய்ச் சொன்னார்கள். இன்ஸ்பெக்டர் நல்ல மனுஷர்தான், உட்காரச் சொல்லித்தான் பேசினார். "அண்ணாச்சி, ஒரு ஆளு காசு கொடுத்து டம்ளர் வாங்கி, பேரு வெட்டிச்சு. அதில் எந்து குற்றம்? ஞான் என்னன்னு எழுதுக?"

அதற்குப் பிறகுதான் நெல்லையப்பன் துப்பாக்கிக்கு விண்ணப்பம் போட்டார். உலகம்மாள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். "அதைக் கொண்டுவந்து எங்க வைக்கச் சொல்லுதீக? அரிசிப் பானையிலயா, சாமி படத்துக்குப் பின்னாலயா?"

"என் இடுப்புல வச்சுக்கிடுதேன். உனக்கு அதைப் பத்திக் கவலை வேண்டாம்."

"ஊருல உள்ளவுக எல்லாம் துப்பாக்கி வச்சுக்கிட்டா அலையுதாக?"

"ஊருல உள்ளவுக பேரையா அவன் வெட்டச் சொன்னான்?"

விசாரணையெல்லாம் நடந்து, கலெக்டரேட்டுக்கு நடையாய் நடந்து, கடைசியில் லைசென்ஸ் வந்தது. வித்துரா என்ற ஊரில் ஓய்வு பெற்று இருந்த பழைய எஸ்டேட் மேனேஜர் ஒருவரிடமிருந்து ஒரு ரிவால்வர் வாங்கினார். மேனேஜரே இரண்டு நாள் கூட வைத்துக்கொண்டு சுடவும் சொல்லிக் கொடுத்தார். அன்றிலிருந்து வேட்டிக்கு மேலே அகலமான தோல் பெல்ட், அதற்குள் துப்பாக்கி, மேலே தொளதொளவென்று ஒரு சட்டை.

மனுஷர் நன்றாகத் தூங்க ஆரம்பித்தார் என்பது உண்மை. நிமிர்ந்து நடந்தார். சுகுணனும் கடைப்பக்கம் வருவதை விட்டான். கடைத்தெருவில் எதையும் மறைக்க முடியாது. நெல்லையப்பன் இடுப்பில் என்ன இருக்கிறது என்று ஒரு வாரத்திலேயே எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. தெருமுனைச் சாயாக்கடை பெஞ்சில் சுகுணன் உட்கார்ந்திருப்பான். அவர் கடந்து போகும்போது தலையைக் குனிந்துகொள்வான். ஆனால் உலகம்மாளுக்கு வேறொரு பயம் பிடித்துக்கொண்டது. ஒருநாள் பஸ்ஸில் சில்லறைக்காகக் கண்டக்டர் இரண்டு வார்த்தை கூடப் பேசிவிட்டான். நெல்லையப்பனின் கை சட்டைக்கு அடியில் போனதை அவள் பார்த்தாள். எடுக்கவில்லை, தொட்டார், அவ்வளவுதான்.

இப்படி ஒன்றரை வருஷம் போனது. எழுபத்தொன்பது டிசம்பரில் தேர்தல் அறிவிப்பு வந்தது. பார்லிமெண்ட் தேர்தலும் சட்டசபைத் தேர்தலும் அடுத்தடுத்து ஒரே ஜனவரியில். லைசென்ஸ் உள்ளவர்கள் எல்லோரும் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும், தேர்தல் எல்லாம் முடிந்த பிறகு திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று போலீஸ்காரர் ஒருவர் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

நெல்லையப்பன் கெஞ்சிப் பார்த்தார். "சார், எனக்கு மட்டும் ஒரு விலக்கு கிடையாதா? என் காரியம் உங்களுக்குத் தெரியுமே."

"நியமம் எல்லாருக்கும் ஒண்ணுதானே, அண்ணாச்சி. மந்திரிக்கு இருந்தாலும் வாங்கித்தான் வைப்பேன்" என்றார் இன்ஸ்பெக்டர்.

துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு நெல்லையப்பனும் கூடப் போயிருந்த உலகம்மாளும் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தார்கள். பெல்ட்டின் வெறும் உறையை நெல்லையப்பன் சட்டைக்கு மேலாகத் தடவிக்கொண்டே நடந்தார். எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த தேர்தல் போஸ்டரைப் படித்துக்கொண்டு ஒருவன் நின்றிருந்தான். திரும்பினான். சுகுணன்.

"இப்போ இடுப்புக்கு நல்ல சுகம் அல்லே, அண்ணாச்சி?" என்றான்.

வீட்டுக்கு வந்து கதவைத் தாழ் போட்ட பிறகு உலகம்மாள் அவர் காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டாள். "அம்பாசமுத்திரத்துக்குப் போயிருவோம். மக வீட்டுல ஒரு மாசம் இருந்துட்டு வருவோம். எலக்‌ஷன் முடிஞ்சதும் வரலாம்."

"பொங்கலுக்குப் பானை, குத்துப்போணி எல்லாம் இறக்கி வச்சிருக்கேன் உலகு. வருஷத்துல நமக்கு யாவாரமே அந்தப் பத்து நாளுதான். பொங்கல் கழியட்டும், மறுநாளே போவோம்."

அவரைத் தனியே அனுப்ப அவளுக்கு மனசு ஒப்பவில்லை. காலையிலேயே கூடப் போய்க் கடையில் உட்கார்ந்துகொண்டாள். வாசலில் நிழல் விழுந்தால் நிமிர்ந்து பார்த்தாள். வெள்ளை முண்டு உடுத்தவர்கள்தானே ஊர் முழுக்க! ஒவ்வொருவரும் உள்ளே வந்து, வெளிச்சம் முகத்தில் படும்வரை அவளுக்கு மூச்சு நின்று திரும்பியது. பக்கத்து ஜவுளிக்கடைக்காரர் அழகியநம்பி ஆறுதல் சொன்னார். அவரும் திருநெல்வேலிப் பக்கம்தான், ஒரே வீட்டுச் சோற்றைப் பங்கிட்டுத் தின்கிற அளவுக்குப் பழக்கம். "மதினி, நாங்க இத்தனை பேரு இருக்கோம். ஒரு சத்தம் கொடுங்க போதும். தெருவே திரண்டு வந்துராதா?"

பொங்கலுக்கு முந்தின நாள் காலை. கடை நிறையக் கூட்டம் இருந்து அப்போதுதான் வடிந்திருந்தது. ஓட்டுக் கேட்டு ஒரு ஜீப் ஒலிபெருக்கியோடு தெருவுக்குள் ஊர்ந்து வந்தது. பின்னால் கொடி பிடித்த கும்பல். அந்தச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. கும்பலிலிருந்து ஒருவன் பிரிந்து கடைக்குள் ஏறினான். உலகம்மாள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. தொடையோடு ஒட்டிப் பிடித்திருந்த கத்தியைத்தான் பார்த்தாள்.

கத்தினாள். அவள் கத்தியது அவளுக்கே கேட்கவில்லை. நெல்லையப்பன் வலதுகையைக் குறுக்கே நீட்டினார். கத்தி உள்ளங்கையில் இறங்கி மணிக்கட்டு வரை கிழித்தது. அவர் பானை அடுக்கின்மேல் சாய்ந்தார். கூரை வரை அடுக்கியிருந்த வெண்கலப் பானைகள் சரிந்து தரையெல்லாம் உருண்டன. உலகம்மாள் கைக்கு அகப்பட்ட ஒரு கனத்த பித்தளைக் குத்துப்போணியைத் தூக்கி அவன்மேல் எறிந்தாள். அது தோளில் பட்டது. அவன் இன்னொரு எட்டு வைத்தபோது கால் ஒரு பானையின்மேல் வழுக்கி முழங்கால் மடிந்து விழுந்தான். எழுந்து அவளை ஒருதரம் பார்த்தான். சுகுணன்தான். என்ன நினைத்தானோ, கத்தியை முண்டில் துடைத்துக்கொண்டு இறங்கிப் போனான். ஓடவில்லை. நடந்துதான் போனான்.

அவள் தெருவில் இறங்கி ஓடினாள். "அண்ணாச்சி! ஐயோ, ஓடி வாங்களேன்!" எதிர்வரிசையில் ஷட்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கிக்கொண்டிருந்தன. பக்கத்து ஜவுளிக்கடை ஷட்டரும் முக்கால்வாசி இறங்கியிருந்தது. ஜீப் அடுத்த தெருவுக்குத் திரும்பிவிட்டது. சற்றுமுன் அத்தனை பேர் நின்ற இடத்தில் ஒரு மாடு மட்டும் வாழையிலையைத் தின்றுகொண்டு நின்றது. புடவைத் தலைப்பைக் கிழித்து அவர் கையைச் சுற்றி, அந்த வழியாக வந்த காலி மாட்டு வண்டி ஒன்றை நிறுத்தி, அவள்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

உயிர் தப்பியது. நரம்பு அறுந்த மூன்று விரல்கள் இனி மடங்காது என்று டாக்டர் சொன்னார்.

மறுநாள் அழகியநம்பி ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார். "நான் உள்ள சரக்கு பிரிச்சுக்கிட்டு இருந்தேன் மதினி. சத்தியமா ஒண்ணும் பாக்கலை. கேட்டிருந்தா வராம இருப்பேனா?"

உலகம்மாள் பழத்தை வாங்கி வைத்தாள். "பாத்தீங்க" என்றாள். "ஷட்டருக்குக் கீழ உங்க காலு தெரிஞ்சுது. ரெண்டு காலும் வாசலைப் பாத்துத்தான் நின்னுச்சு."

அவர் எழுந்து போய்விட்டார். அவர்மேல் அவளுக்குக் கோபம்கூட அவ்வளவாக வரவில்லை. தளவாய் குத்துப்பட்ட அன்று சாயங்காலம், கோர்ட்டு வழக்கெல்லாம் நமக்கெதற்கு என்று கணவனிடம் சொன்னவள் அவளேதான்.

இன்ஸ்பெக்டர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். சுகுணனைத் தேடிக்கொண்டிருக்கிறோம், ஆள் அகப்படவில்லை என்றார். பிறகு, "கண்டதாயிட்டு வேறே ஆரும் சொல்லலை. அண்ணாச்சியை விட்டா சேச்சி மாத்திரம்தான் சாட்சி. கோர்ட்டில் வந்து சொல்லுமோ?" என்று கேட்டார்.

கட்டிலில் கிடந்த நெல்லையப்பன் வேண்டாம் என்று கண்ணால் சொன்னார். அவருக்குத் தெரியும், அதைச் சொன்னால் பிறகு எப்படி வாழவேண்டும் என்று. உலகம்மாள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "சொல்லுதேன்" என்றாள்.

தேர்தல் முடிந்து, துப்பாக்கியை வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று தகவல் வந்தது. "எனக்கு இனி அது எதுக்கு உலகு, விரலே மடங்கலை. அங்கேயே கிடக்கட்டும், வித்துரலாம்" என்றார் நெல்லையப்பன். அடுத்த திங்கட்கிழமை உலகம்மாள் கலெக்டரேட்டுக்குப் போய்த் தன் பெயருக்கு விண்ணப்பம் கொடுத்தாள்.

அங்கிருந்த அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார். "அம்மா, நீங்க ஆரை வெடி வைக்கப் போறீங்க?"

"யாரையும் சுடுததுக்கு இல்ல சார். அன்னைக்குத் தொண்டை கிழியக் கூப்பிட்டேன், ஒரு ஆளு வரலை. அதுக்குத்தான்."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு விண்ணப்பத்தில் முத்திரை குத்தினார்.

சித்திரையில் லைசென்ஸ் வந்தது, அதே ரிவால்வர் அவள் பெயருக்கு மாறியது. வித்துராவுக்குப் போய், அந்தப் பழைய மேனேஜரின் ரப்பர் தோட்டத்து ஓரத்தில் நின்று சுடப் பழகினாள். முதல் குண்டு எங்கே போனதென்றே தெரியவில்லை. காதெல்லாம் ரீங்காரம். துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். மேனேஜர் தண்ணீர் கொடுத்து, "இன்னைக்குப் போதும்" என்றார். அவள் வாயைத் துடைத்துக்கொண்டு திரும்ப எடுத்தாள்.

கடையில் இப்போது அவள்தான் முழுநேரமும். நெல்லையப்பன் பக்கத்தில் உட்கார்ந்து விலை சொல்வார். துணிப்பையில் துப்பாக்கி மடியிலேயே இருக்கும். ஒருநாள் உச்சிவெயிலில் ஒருவன் கும்பிட்டபடி உள்ளே ஏறினான். வெயிலுக்கு முதுகு காட்டி வந்ததால் முகம் தெரியவில்லை. அவள் கை பைக்குள் போய்விட்டது. "குடம் ஒண்ணு வேணும். மகளுக்குக் கல்யாணம்" என்றான் அவன். விலையெல்லாம் நெல்லையப்பனே பேசி முடித்தார். அவன் குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு போன பிறகும் அவளால் விரல்களைப் பிரிக்க முடியவில்லை. நெல்லையப்பன் தன் இடதுகையால் ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டார்.

அந்த வருஷக் கடைசியில் கொல்லத்தில் வைத்துச் சுகுணனைப் பிடித்தார்கள். வழக்கு நடந்தது. உலகம்மாள் கூண்டில் ஏறிப் பார்த்ததைச் சொன்னாள். சொல்லும்போது அவனைப் பார்க்கவில்லை, நீதிபதியின் மேஜை விளிம்பையே பார்த்துக்கொண்டு சொன்னாள். திரும்பவும் ஜெயில் கிடைத்தது, இந்தத் தடவை கூடுதலாக. "இனி பயமில்லை, துப்பாக்கியைக் கொடுத்துரலாமா?" என்று நெல்லையப்பன் கேட்டார். "அவன் ஒருத்தன்தானா?" என்றாள் அவள். லைசென்ஸைப் புதுப்பித்துக்கொண்டாள்.

அது நடந்து கொஞ்ச நாளில் ஒரு காலை நேரம், அழகியநம்பி கடைக்குள் வந்தார். ஆஸ்பத்திரிக்குப் பிறகு அவர் இந்தப் படியேறியதில்லை. நின்றுகொண்டே இருந்தார்.

"மதினி, அந்த லைசென்ஸுக்கு யாரைப் போய்ப் பாக்கணும்?"

"உங்களை யாரும் மிரட்டுதாங்களா அண்ணாச்சி?"

"இல்ல. யாருன்னு கேட்டா சொல்லத் தெரியலை. இப்பல்லாம் கடையைத் திறக்கும்போதே கை நடுங்குது." தெருவைப் பார்த்துக்கொண்டு, "நான் கூப்பிட்டாலும் ஒருத்தனும் வரமாட்டான்னு எனக்குத் தெரியுமே" என்றார்.

எந்த ஆபீஸ், எந்த மாடி, என்னென்ன கேட்பார்கள் என்று அவள் எல்லாவற்றையும் சொல்லி அனுப்பினாள். அவர் போன பிறகுதான் அது அவளுக்கு உறைத்தது. இரண்டு கடைக்கும் நடுவே இருப்பது ஒற்றைச் செங்கல் சுவர். அந்தப் பக்கம் கை நடுங்குகிற ஒரு மனுஷர், நாளைக்கு அந்தக் கையிலும் ஒரு துப்பாக்கி. இந்தப் பக்கம் அவள். அவர் நடுக்கம் எப்படிப்பட்டது என்று அவளைவிட நன்றாக யாருக்குத் தெரியும்?

மறுநாள் கடை திறந்ததும், அந்தச் சுவரை ஒட்டிக் கிடந்த தன் நாற்காலியை இழுத்து எதிர்ப்பக்கமாகப் போட்டுக்கொண்டாள். ஏன் என்று நெல்லையப்பன் கேட்டார். அந்தப் பக்கம் வெக்கையாக இருக்கிறது என்று சொன்னாள்.