தக்கையில் நாலு வெட்டு

“செப்டம்பர் மாசத்துக்கு என்ன படம் போட்டிருக்கான்?” என்று கேட்டாள் அக்கா.

மாடிவீட்டுக்காரி சுற்றுலா போய்விட்டு, கவிஞரும் சிற்பியுமான ஜஸிந்த் ரிபோவின் அருங்காட்சியகத்துக் காலண்டர் ஒன்று வாங்கி வந்து கொடுத்திருந்தாள். என் அக்கா அசும்தாவுக்குக் கண் ஏறக்குறைய போய்விட்டது. ஒவ்வொரு தாளாகப் புரட்டி நான்தான் சொல்லிக்கொண்டு வந்தேன். ஜனவரிக்குத் தலைக்குப் பதில் புறாக்கூடு வைத்த பாதிரியார், மார்ச்சுக்குக் கடலில் நீந்தும் நாற்காலி. அக்கா, “காசு கொடுத்து இதைப் பார்க்கறாங்களா?” என்று சிரித்துக்கொண்டிருந்தாள்.

“செப்டம்பர்... பறவைக் கூண்டு. உள்ள ஒரு சாப்பாட்டுத் தட்டு. தட்டுல பழைய பூட்ஸ் ஒண்ணு. பக்கத்துல கத்தி, முள்கரண்டி. கீழ ‘விருந்தாளி’ன்னு போட்டிருக்கு.”

“எந்தக் கால் பூட்ஸ்?”

“இது என்ன கேள்வி? இடது கால்.”

“அடி தடிமனா இருக்கா?”

“இருக்கு. தக்கை மாதிரி ஏதோ வச்சு...” என்று சொல்லும்போதே காலண்டரைக் கண்ணருகே தூக்கினேன்.

எங்கள் அப்பா பல்திரிக்கு இடது கால் இரண்டு விரல்கடை குட்டை. புட்டித் தக்கை வெட்டும் பட்டறையில் வேலை. நல்ல தக்கைப்பட்டையாகப் பார்த்து எடுத்து, வருஷத்துக்கு ஒருமுறை, கல்லறைகளில் பூ வைக்கிற சகல புனிதர் திருநாளன்று, பூட்ஸுக்குப் புது அடி செதுக்கிக்கொள்வார். செதுக்கி முடித்ததும் கத்தி வீட்டில் கை மாறும். புது அடியின் விளிம்பில் ஆளுக்கு ஒரு வெட்டு. போர் முடிகிற வாரம் பட்டறையிலிருந்து தொழிற்சங்கத்து ஆட்கள் எட்டுப் பேரைப் படையினர் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அதில் அப்பாவும் ஒருவர். அக்காவுக்கு அப்போது ஒன்பது வயது, எனக்கு மூன்று. ஐம்பத்தைந்து வருஷம் ஆயிற்று, எட்டுப் பேரில் ஒருவர் எலும்புகூடக் கிடைக்கவில்லை. ஊர்க் கல்லறைச் சுவரில் எங்கள் குடும்பத்துச் சவப்பெட்டிகளுக்கான அறை இருக்கிறது. மூடுகல்லில் இரண்டு பெயர்கள் வெட்டியிருக்கும், உள்ளே அம்மா மட்டும்தான். சாகிற அன்றுகூட, “அவருக்கு இடம் விட்டு என்னை வையுங்க” என்றாள்.

“நாளைக்குக் கல்லறைக்குப் போயிட்டு, அப்படியே அங்க போறோம்,” என்றாள் அக்கா.

“அக்கா, உலகத்துல தக்கை வச்ச பூட்ஸ் ஒண்ணுதானா?”

“அதைப் பார்க்கத்தான் போறோம். உன் கண்ணைத் தயாரா வச்சுக்கோ.”

மறுநாள் அம்மாவுக்குச் சாமந்தி வைத்தோம். அக்கா ஒரு கொத்தை மட்டும் வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

அருங்காட்சியகத்தில் திருவிழாக் கூட்டம். கூண்டு இரண்டாவது மாடியில், கண்ணாடிப் பெட்டிக்குள். முன்னால் ஒரு பித்தான். அதை அழுத்தினால் மணி அடிக்கும், தட்டு மெல்ல ஒரு சுற்றுச் சுற்றும். ஒரு குடும்பம் மாற்றி மாற்றி அழுத்திச் சிரித்துக்கொண்டிருந்தது.

“சாப்பாடு ரெடி!” என்று அந்த வீட்டுக்காரர் ஒவ்வொரு மணிக்கும் கத்தினார்.

அவர்கள் நகர்ந்ததும் அக்கா என் முழங்கையைப் பிடித்தாள். “அமுக்குடி. விளிம்பைப் பாரு, விளிம்பை மட்டும்.”

அமுக்கினேன். மணி அடித்தது. பூட்ஸின் பின்பக்கம் எங்களை நோக்கித் திரும்பியது.

“ஒரு வெட்டு இருக்கு.”

“ம்.”

“ரெண்டு. மூணு.” தட்டு நகர்ந்துகொண்டே இருந்தது. “நாலு.”

“நாலாவது எப்படி இருக்கு?”

“கோணல். கீழ வரைக்கும் இழுத்திருக்கு.”

“அது உன்னோடது,” என்றாள் அக்கா. “அப்பா உன் கையைப் பிடிச்சுத்தான் வெட்டினாரு. நீ கத்தியை வெடுக்குன்னு இழுத்துட்ட. அம்மா திட்டினா. ‘விடு, சின்னவ கையெழுத்து’ன்னாரு.”

அப்பாவின் முகம் எனக்கு நினைவில் இல்லை. அந்த வெட்டு என் கை போட்டது என்பதும் அன்றுதான் தெரியும்.

“இது எங்க கிடைச்சுதாம்? எழுதியிருக்கா பாரு.”

சீட்டில், ‘கண்டெடுத்த பொருள்கள்’ என்று மட்டும் இருந்தது. ஆனால் பக்கத்துச் சுவர் முழுக்கப் பெரிய எழுத்தில் ரிபோவின் கவிதை. கீழே கடையில் பைகளிலும் கோப்பைகளிலும் அச்சடித்து விற்கிறார்களே, அதே கவிதை. அக்காவுக்காக வாய்விட்டுப் படித்தேன்:

‘மூன்றாம் சூளையின் முதுகில், அத்திமரத்துக்கு இடப்பக்கம், நாய் எனக்கொரு விருந்தாளியைத் தோண்டித் தந்தது. காலணி காலியாக இல்லை. நான்தான் காலி செய்தேன். மற்ற ஏழு பேரை எழுப்பவில்லை.’

“இன்னொரு தடவை படி.”

படித்தேன்.

“தம்பி!” என்று கூப்பிட்டாள் அக்கா, யாரைப் பார்க்கிறோம் என்று தெரியாமலே. காவலர் வந்தார். ஐம்பது வயதிருக்கும், சட்டையில் கிர்ஸே என்று பேர் குத்தியிருந்தது.

“பெட்டியைத் தொடக் கூடாதும்மா.”

“தொடல. இந்த எழுத்துக்கு என்ன அர்த்தம்?”

“அதுவா? கனவுதான். ஏழு பேருன்னா ஏழு பாவங்கள்னு ஒரு புரொபசர் சொல்வாரு. வாரத்துல ஏழு நாள்னு இன்னொருத்தர். ஆளுக்கொண்ணு சொல்வாங்க.”

“இந்தக் கட்டடம் வர்றதுக்கு முன்னாடி இங்க என்ன இருந்துச்சு?”

“செங்கல் சூளை. எங்க அப்பாவே இங்க மண் சுமந்தவருதான். மூணு சூளை...” கிர்ஸே நிறுத்தினார். சுவரைப் பார்த்தார். தினமும் பார்க்கிற சுவர்தான்.

“உள்ள இருக்கறது எங்க அப்பா பூட்ஸ்,” என்றாள் அக்கா. “லாரியில ஏத்தினது எட்டுப் பேரை. ஒருத்தரோட பூட்ஸை இவன் தட்டுல வச்சுட்டான். மிச்சம் எத்தனை பேருன்னு நீயே சொல்லு.”

கிர்ஸே தொப்பியைக் கழற்றினார். “இருபது வருஷமா இதைப் படிச்சுக் காட்டிக்கிட்டிருக்கேன்ம்மா. சிரிக்க வேண்டிய இடத்துல சிரிச்சும் காட்டியிருக்கேன்.”

“அத்திமரம்?”

“இருக்கு. அதை வெட்டக் கூடாதுன்னு ரிபோ உயில்லயே எழுதிட்டுப் போயிருக்காரு. பஸ் நிறுத்தற இடத்துல.”

காலையில் நாங்கள் இறங்கிய இடம்.

படியில் இறங்கும்போது நான்தான் பொருமினேன். “பயந்தாங்கொள்ளி! தெரிஞ்சிருக்கு அக்கா அவனுக்கு. வெளிப்படையா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. அம்மா உயிரோட இருந்தா அப்போ.”

“சொல்லியிருந்தா அவனும் லாரியில ஏறியிருப்பான்.”

“அப்புறம் காலம் மாறிச்சே! அப்பவாவது?”

“அப்போ பேரு வந்துடுச்சு, பணம் வந்துடுச்சு. உண்மைன்னு சொன்னா அந்தக் கூண்டைத் திருப்பிக் கொடுக்கணுமில்ல?” அக்கா கைப்பிடியைத் தடவித் தடவி இறங்கினாள். “யாரும் நம்பாத மாதிரி உண்மையை எழுதி வச்சிருக்கான். கெட்டிக்காரன்.”

அத்திமரத்தின் கிளைகளில் ரிபோ மாட்டிய கரண்டிகள் தொங்கின. அதற்கு இடப்பக்கம் சிமெண்டுத் தரை, மஞ்சள் கோடு, ஐந்து என்ற எண். அதன்மேல் ஒரு சுற்றுலாப் பேருந்து நின்றது. அக்காவைப் பேருந்துக்கு முன்னால் கோட்டுக்குள் கொண்டு நிறுத்தினேன். அவள் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலால் தரையைத் தேய்த்துப் பார்த்தாள்.

“சுடுதுடி.”

“வண்டி எஞ்சின் சூடு அக்கா.”

பேருந்துக்குள் ஆட்கள் ஏறிவிட்டார்கள். ஓட்டுநர் தலையை நீட்டினார். “அம்மா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. வண்டி எடுக்கணும்.”

“எட்டுப் பேரையும் முதல்ல தள்ளச் சொல்லு. அப்புறம் நான் தள்றேன்.”

“எந்த எட்டுப் பேரு? யாரையும் காணோமே!” அவர் ஹாரனை அமுக்கினார். அக்கா அசையவில்லை. சாமந்தியை நெஞ்சோடு பிடித்தபடி, வெறுங்காலோடு நின்றாள்.

பேருந்துக்குள் யாரோ கைதட்டினார்கள். “இதுவும் ரிபோவோடதா? பிரமாதம்!” என்று ஒரு பெண் குரல் கேட்டது. ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

“என்னடி சத்தம்?”

“உன்னைப் படம் எடுக்கறாங்க அக்கா.” எனக்கு அழுகை வந்துவிட்டது. “வேடிக்கைன்னு நினைக்கறாங்க. வா, போயிடலாம்.”

“எடுக்கட்டும்,” என்றாள். “நான் நிக்கற இடத்துல மரமும் படத்துல விழுதா, பாரு. அவன் எழுதி வச்ச அடையாளம் அதுதானே.”

பார்த்தேன். “விழல.”

“அப்போ என்னை ரெண்டு அடி வலது பக்கம் நகர்த்து.”